மாடி ஏறும்போது வரும் இறுக்கம்

ஒன்றரை வருடத்துக்கு முன் ஸ்கேனில் உங்கள் இதயக்குழாயில் தெரிந்த 40% அடைப்பு வளர்ந்து வளர்ந்து ஒருநாள் முழுதாக மூடிக்கொள்ளுமோ என்பதுதான் உங்கள் பயம். ஆனால் என்னைக் கவலைப்பட வைத்தது கடிதத்தின் கடைசி வரி: "ஒரு மாதமாக மாடி ஏறினால் நெஞ்சு லேசாக இறுக்குகிறது, நின்றால் சரியாகிறது. கேஸ்தானே டாக்டர்?"

இல்லை. கேஸுக்கு மாடிப்படி தெரியாது. உழைப்பில் வந்து ஓய்வில் அடங்கும் இறுக்கம், இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான அடையாளம். தாடைக்கோ இடது கைக்கோ அது பரவலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கலாம். புதிதாக ஆரம்பித்திருப்பதால் நாளைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மாடி ஏற வேண்டாம். பழைய ஸ்கேனைக் காட்டி உங்களை நீங்களே சமாதானப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

விரலால் தொட்டுக் காட்ட முடிகிற, நொடியில் வந்து போகும் குத்தல் பெரும்பாலும் தசைவலி. அதை விடுங்கள்.

சரி, அந்த 40%. கொழுப்பு குழாய்க்குள் அழுக்குபோல ஒட்டுவதில்லை. எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே புகுகிறது. அதை விழுங்கும் செல்கள் அங்கேயே மடிந்து கூழாகச் சேர்கின்றன. மேலே ஒரு மெல்லிய மூடி. இதுதான் படிவு. அந்த மூடி கிழிந்தால், காயத்தில் உறைவதுபோல ரத்தம் அங்கே உறைந்து, நிமிடங்களில் குழாயை அடைத்துவிடும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பாதிகூட அடைக்காத படிவிலும் இது நடக்கும். அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதிலும் பயனில்லை, நிம்மதி அடைவதிலும் பயனில்லை.

எல்டிஎல்லைக் குறைத்து, அந்த மூடியைக் கிழியாமல் உறுதியாக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத்தான் நீங்கள் நிறுத்தியிருக்கிறீர்கள், வீடியோவில் யாரோ சொன்ன சாற்றை நம்பி! குடிக்கிற சாறு எதுவும் இதயக்குழாயின் சுவருக்குள் போய்ப் படிவைக் கரைக்காது. மாத்திரையை விட்ட சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய அளவுக்கு ஏறிவிடும். மாத்திரையால் தசைவலி வருகிறது என்று நிறுத்தினீர்களாம். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். அதை மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளை அவரைப் பார்க்கும்போது, நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, கூடவே வியர்த்துக் கொட்டினாலோ, கேஸ் மாத்திரை போட்டுக் காத்திருக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.