கிளாஸ்டன்பரி இசை விழாவுக்கு முதல்முறை போக எப்படித் தயாராவது? நம்மவர்களுக்கு இது ஒத்துவருமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், இங்கிலாந்துக்கு வந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். அலுவலகத்தில் யாரோ கிளாஸ்டன்பரி கதை சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டிருப்பார்கள். வீட்டில் ஒருவர் "டென்ட்லயா? அஞ்சு நாளா?" என்று முகம் சுளித்திருப்பார். 2027க்கு முயற்சி செய்யலாமா, என்னென்ன வாங்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் "நம்மவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் மேலூர்க்காரி. எங்கள் தாத்தா காலத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டி, வைக்கோல் பரப்பி, அரிசி பருப்பு பானை சட்டியோடு மதுரைக்குக் கிளம்பினால், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்புகிறவரை வீட்டுப் பக்கம் வர மாட்டார்களாம். வண்டிக்கு அடியில் படுக்கை, ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு, ராத்திரி முழுக்கப் பாட்டும் ஆட்டமும். பழனிக்கு நடந்து போகிறவர்கள் இன்றைக்கும் ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துத்தான் படுக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வெட்டவெளியில் நாலு நாள் கிடப்பது நமக்குத் தெரியாத ஒன்றா? சாமியும் பாட்டுக் கச்சேரியும் ஒன்றா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம் உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஒத்துவருமா என்று கேட்டால், வரும். அதைத்தான் சொல்கிறேன்.

விழா நடக்கும் இடம் ஒரு மாட்டுப் பண்ணை. சாமர்செட்டில் பில்டன் கிராமத்தில் இருக்கும் வொர்தி ஃபார்ம். பால் கறந்து விற்றுக்கொண்டிருந்த மைக்கேல் ஈவிஸ் 1970 செப்டம்பரில் தன் வயலில் முதல் விழாவை நடத்தினார். டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம், வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்றைக்கு இரண்டு லட்சம் பேர் வருகிறார்கள். பண்ணையில் மாடுகள் இப்போதும் இருக்கின்றன, அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு விடுகிறார்கள். 2006, 2012, 2018 அப்படிப் போனவை. 2026ம் ஓய்வு ஆண்டுதான். விழா இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். தயாராவதற்கு முழுதாக ஒரு வருடம் கிடைத்திருக்கிறது.

முதலில் டிக்கெட். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பணம் இருந்தால் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முன்கூட்டியே உங்கள் புகைப்படத்தோடு பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். டிக்கெட்டில் உங்கள் முகம் இருக்கும், வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. விற்பனை சமீப வருடங்களில் நவம்பரில் நடக்கிறது. பஸ்ஸோடு சேர்ந்த டிக்கெட் வியாழக்கிழமை மாலை, சாதா டிக்கெட் ஞாயிறு காலை 9 மணி. 2025 விழாவுக்கு விலை 373.50 பவுண்டு, அதற்கு மேல் முன்பதிவுக் கட்டணம் 5 பவுண்டு. சுமார் 35 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. முதலில் 75 பவுண்டு முன்பணம் கட்டினால் போதும், மீதியை ஏப்ரலில் கட்டலாம். யாராவது மீதியைக் கட்டாமல் விட்டால் அந்த டிக்கெட்டுகள் ஏப்ரல் கடைசியில் மறுவிற்பனைக்கு வரும். நவம்பரில் கிடைக்கவில்லை என்றால் மனம் தளராமல் அதற்குக் காத்திருங்கள். ஒருவரே ஆறு பேருக்கு எடுக்கலாம் என்பதால் தனியாக முயற்சி செய்யாமல் குழுவாகச் சேர்ந்து உட்காருங்கள். பஸ் டிக்கெட்டையும் விட்டுவிடாதீர்கள், அதற்குப் போட்டி கொஞ்சம் குறைவு என்பது என் அனுபவம்.

எங்களுக்கு முதன்முதலில் கிடைத்தது 2015 அக்டோபரில், 2016 விழாவுக்கு. அப்போது இப்போதுள்ள வரிசை முறை இல்லை, பக்கத்தை மறுபடி மறுபடி திறந்துகொண்டே இருக்க வேண்டும். பிரிஸ்டலில் நானும் என் நாத்தனாரும், லெஸ்டரில் அவள் தோழிகள் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தோம். லெஸ்டர் வீட்டில்தான் பக்கம் திறந்தது. என் நாத்தனார் போட்ட சத்தத்தில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் இறங்கி ஓடி வந்தார்.

அதன்பிறகு எட்டு மாதக் காத்திருப்பு. என்னைக் கேட்டால் விழாவில் பாதி இதுதான். யார் யார் பாடப் போகிறார்கள் என்று தெரியாமலேதான் டிக்கெட் வாங்குகிறோம். பெயர்கள் குளிர்காலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, பட்டியலில் கேள்விப்படாத பெயர் ஒன்றைப் பிடித்து அவர்கள் பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன். மாலி நாட்டுக் கிடார், அயர்லாந்துப் பிடில், எனக்கு அதுவரை அறிமுகமே இல்லாத எத்தனையோ. நீங்களும் இதைச் செய்யுங்கள். பெரிய மேடையில் பாடுகிறவர்களை மட்டும் தெரிந்துகொண்டு போகாதீர்கள். இருப்பது அந்தப் பெரிய மேடையான பிரமிட் மட்டுமல்ல. வெஸ்ட் ஹோல்ட்ஸ், பார்க் என்று ஏகப்பட்ட மேடைகள் உண்டு. நம் ஈழத்துப் பெண் மாயா, எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர், 2014இல் பாடியது வெஸ்ட் ஹோல்ட்ஸில்தான். "அங்கே நம்மவர் யார் இருக்கிறார்கள்" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

மே மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கூடாரத்தைப் பின்புறத் தோட்டத்தில் அடித்துப் பார்த்தோம். இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். கடையில் வாங்கிய பையைப் பிரிக்காமலேயே பண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மழையில் நின்றுகொண்டு தாளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இரண்டு மூன்று முறை அடித்துப் பழகினோம். முளையைச் செங்குத்தாக இறக்கக்கூடாது, கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்திருக்கும்படி இறக்கினால்தான் கயிறு இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வராது. வெளித்துணி உள்துணியைத் தொடவே கூடாது, தொட்டால் அந்த இடத்தில் ஈரம் இறங்கும்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை எடுத்து, "உள்ள போய் உக்காருடி, நான் மழை பெய்யிறேன்" என்றார். நாத்தனாரும் நானும் உள்ளே உட்கார, அம்மா சுற்றிச் சுற்றி வந்து பீய்ச்சி அடித்தார். கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வாசல் ஜிப் முடிகிற இடத்துக்கு மேலே, தையல் ஓரத்தில், ஒரு சொட்டு திரண்டு நின்றது. திரண்டு, நீண்டு, என் முழங்காலில் விழுந்தது. பிறகு அடுத்தது. "அண்ணி, தலை வைக்கிற பக்கம் இது" என்றாள் நாத்தனார். தையலுக்குப் பூசுகிற பசை ஒரு குப்பி வாங்கி, உள்பக்கம் முழுக்கப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி அம்மாவின் மழை. அந்தக் கூடாரம் சொட்டவே இல்லை.

2016 எப்படிப்பட்ட வருடம் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவு சேற்றை இதுவரை பார்த்ததில்லை என்று ஈவிஸே சொன்னார். கேட் திறந்த புதன்கிழமை கார்கள் மணிக்கணக்கில் ரோட்டில் நின்றன. எங்கள் பஸ்ஸும் ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. உள்ளே சேறு கணுக்கால் ஆழம், சில இடங்களில் அதற்கும் மேல். காலை எடுத்தால் பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன், வெலிங்டன் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். அதையும் முன்னாடியே வாங்கி, வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பூங்காவுக்கு என்று நடந்து பழகுங்கள். ரப்பர் விளிம்பு கெண்டைக்காலில் உரசி உரசி இரண்டாம் நாள் தோல் சிவந்து எரியும். முழங்கால் வரை வரும் கெட்டியான சாக்ஸ் போட்டு, விளிம்புக்கு மேல் மடித்து விடுங்கள். ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு அரை மணி நேர நடை சாதாரணம். கால் போய்விட்டால் விழா போய்விட்டது என்று அர்த்தம்.

மழையை மட்டும் நம்பியும் மூட்டை கட்டாதீர்கள். 2023, 2025 எல்லாம் சுட்டெரித்த வருடங்கள். ஜூன் கடைசியில் ஐந்து மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடும், எட்டு மணிக்குக் கூடாரத்துக்குள் இருக்க முடியாது. அதே இடத்தில் விடியற்காலை மூன்று மணிக்குப் பல் கிட்டிக்கொள்ளும். எனவே தொப்பியும் வேண்டும், கம்பளிக் குல்லாவும் வேண்டும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் நல்ல பாய் போடுங்கள். இடம் பிடிக்கும்போது மேட்டுப் பக்கம் பாருங்கள். 2005இல் ஒரே காலையில் கொட்டிய மழையில் தாழ்வான பகுதியில் நூற்றுக்கணக்கான கூடாரங்கள் மூழ்கின. குழந்தைகளோடு போவதானால் காக்மில் மெடோ, விக்கெட் கிரவுண்ட் இரண்டும் குடும்பங்களுக்கென்றே ஒதுக்கியவை. பன்னிரண்டு வயது வரை டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, ஆனால் காதை மூடும் ஹெட்போன் வாங்காமல் கூட்டிப் போகாதீர்கள்.

பாட்டுக் கேட்கப் போவது என்றதும் எனக்கு வேறொரு ஞாபகம் வருகிறது, கொட்டிவிட்டே போகிறேன். இங்கே ஒரு பெரிய அரங்கில் நம் சினிமாப் பாட்டுக் கச்சேரி ஒன்றுக்குப் போனேன். ஆறரைக்கு என்று போட்டு எட்டரைக்கு ஆரம்பித்தார்கள். முன்னால் நாலு வரிசை சோபா, ஸ்பான்சர் குடும்பங்களுக்கு. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை யாரையாவது மேடையேற்றிப் பொன்னாடை, கேடயம், பேச்சு. அற்புதமான வயலின் கலைஞர்கள் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி கடைசி பஸ்ஸைப் பிடிக்க, தான் கேட்க வந்த பாட்டைக் கேட்காமலேயே எழுந்து போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை. இசையைக் கேட்க வந்தவர்களை மதிக்கத் தெரியாதவர்கள் கிளாஸ்டன்பரிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கேயும் விருந்தினர் பகுதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அறிவித்த நேரத்துக்குப் பாட்டு தொடங்கும், சேறு எல்லோர் காலிலும் ஒட்டும்.

சரி, சாப்பாடு. சைவமா என்று நீங்கள் சொல்லவில்லை, இருந்தாலும் கவலை வேண்டாம். ஹரே கிருஷ்ணா கூடாரத்தில் சூடான சைவச் சாப்பாடு இலவசமாகவே போடுகிறார்கள். கடைகள் எக்கச்சக்கம், சிலவற்றில் ஆறு பவுண்டுக்கு ஒரு தட்டு கொடுக்கும் ஏற்பாடும் சமீப வருடங்களில் இருந்தது. நாங்கள் கையில் கொண்டுபோனது அவல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அம்மா இடித்துப் பிடித்த பொருள்விளங்கா உருண்டை. அவலைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, புளிக்காய்ச்சல் போட்டுப் பிசைந்தால் அடுப்பே வேண்டாம். எதிர்க் கூடாரத்து வேல்ஸ் பையன்கள் உருண்டையைக் கடிக்க முடியாமல் விழித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்துச் சாப்பிட்டதும் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். கண்ணாடிப் பாட்டில் எதுவும் உள்ளே விட மாட்டார்கள், ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். 2019 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் விற்பதில்லை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், குழாய்கள் எங்கும் உண்டு.

பெண்கள் தனியாகப் போகலாமா, கழிப்பறை எப்படி என்று பின்னூட்டத்தில் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். கழிப்பறை சொர்க்கம் என்று பொய் சொல்ல மாட்டேன். குழிக் கழிப்பறைகள்தான் அதிகம், மரத்தூள் போடுகிற வகையும் உண்டு, அதுதான் சுத்தம். விடியற்காலையில் போங்கள். டிஷ்யூ, கை சுத்திகரிப்பான், தலையில் மாட்டும் விளக்கு மூன்றும் எப்போதும் கூடவே இருக்கட்டும். வயலிலோ ஓடையோரத்திலோ மட்டும் யாரும் போகாதீர்கள், அது வொயிட்லேக் ஆற்றில் கலந்து மீன்களைக் கெடுக்கிறது. பாஸ்போர்ட், நகை மாதிரியானவற்றை வீட்டிலேயே வையுங்கள், மற்றவற்றுக்கு இலவசப் பாதுகாப்பு அறைகள் உண்டு. குடியும் போதையும் இருக்குமே என்பவர்களுக்கு: இருக்கும். இரண்டு லட்சம் பேர் கூடும் ஊரில் இல்லாமல் இருக்காது. நானும் நாத்தனாரும் தேநீரைத் தவிர எதையும் தொடவில்லை, எங்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நடு இரவில் கூடாரத்துக்குத் திரும்பும்போது பயந்ததும் இல்லை. இது என் அனுபவம், எல்லோருக்கும் இப்படித்தான் என்று உத்தரவாதம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை கிளம்பும்போது எவ்வளவு அசதியாக இருந்தாலும் கூடாரத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வாருங்கள். அடுத்து அங்கே மேயப்போவது மாடுகள், ஒரு முளை புல்லுக்குள் கிடந்தாலும் அதன் குளம்புக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. சேறோடு சுருட்டிய துணியை வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயப்போட வேண்டும், இல்லையென்றால் பூசணம் பிடித்துவிடும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது பெயர்ப் பதிவு ஒன்றுதான். விற்பனைக்குச் சில நாள் முன்பே பதிவை மூடிவிடுவார்கள், கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டிக்கெட் கிடைத்துவிட்டால் இங்கேயே ஒரு வார்த்தை எழுதுங்கள். எங்களிடம் கூடாரம் இரண்டு இருக்கிறது, பிரிஸ்டல் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துப்போய் உங்கள் தோட்டத்தில் அடித்துப் பழகலாம்.