நாற்பது தாண்டிய கால்களும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும்: வாசகர் கேள்வி – பதில்

நாற்பதைத் தாண்டியும் மட்டையைக் கீழே வைக்காத வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. விளையாட்டுக் காயங்களையும் உடற்பயிற்சியையும் அன்றாடம் கையாளும் எங்கள் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: வயது 44. ஐ.டி. வேலை. ஞாயிறு காலை மட்டும் டென்னிஸ் பந்து கிரிக்கெட். போன வாரம் நான்-ஸ்ட்ரைக்கர் பக்கமிருந்து சிங்கிளுக்குக் கிளம்பிய முதல் அடியிலேயே, பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்ததுபோல் கெண்டைக்காலில் சுளீரென்று ஒரு வலி. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. இப்போது நொண்டி நொண்டி நடக்கிறேன். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்கிறார்கள். நீவலாமா? மறுபடி எப்போது ஆடலாம்?
— வாசகர், தாம்பரம்

நீவ வேண்டாம். நீங்கள் சொல்வது சுளுக்கின் அறிகுறி அல்ல, சதை கிழிந்ததன் அறிகுறி. கெண்டைக்காலின் உட்பக்கச் சதை, குதிகால் தசைநாணோடு சேருகிற இடத்தில் கிழியும். நடுவயதில் ஓடி ஆடுபவர்களுக்கு அடிக்கடி வருவது இது. கிழிந்த இழைகளுக்கு நடுவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூட்டெண்ணெய் தேய்த்து அழுத்தினால் கசிவு கூடும், வீக்கம் கூடும், ஆறுவதும் தள்ளிப்போகும்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதங்கள் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். வீட்டில் ஒருவர் கெண்டைச் சதையின் நடுப்பகுதியை, வலிக்கிற புள்ளியைத் தவிர்த்து, இரு பக்கமும் பிடித்து மெல்ல அமுக்கட்டும். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் குதிகால் தசைநாணே அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். அசைந்தாலும், நொண்டும் அளவுக்கு வலி இருப்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது. சில நாள் கழித்துக் கால் முழுவதும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்கக் கூடாது. காலின் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்திருக்கக் கூடும்.

முதல் மூன்று நாள் ஈரத் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை கிரேப் பேண்டேஜ். இரண்டு செருப்பிலும் குதிகாலுக்கு அடியில் 1 செ.மீ. உயரத்துக்கு மெத்தை வைத்தால் நடக்கும்போது சதை இழுபடாது. ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு வலி வரும்.

எப்போது ஆடலாம் என்பதைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நொண்டாமல் நடக்க வந்த பிறகு இரண்டு காலிலும் குதிகால் உயர்த்தல். அது வலியில்லாமல் 3 செட் 15 முடிந்ததும் ஒற்றைக் காலில். அடிபட்ட காலில் எடுக்கும் எண்ணிக்கை நல்ல காலுக்குச் சமமான பிறகு ஒற்றைக் காலில் குதித்தல், மெதுவோட்டம், கடைசியாக வேக ஓட்டம். சின்னக் கிழிசலுக்கு மூன்று வாரம், நடுத்தரமானதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வலி மட்டும் பத்தாம் நாளே போய்விடும். அதை நம்பி இறங்கித்தான் பலரும் அதே இடத்தில் இரண்டாம் முறை கிழித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: வயது 48. இரண்டு மாதத்தில் எங்கள் கம்பெனி லீக், லெதர் பந்து, 20 ஓவர். தினமும் 5 கி.மீ. நடக்கிறேன். அது போதுமா? ஜிம்முக்குப் போக நேரமில்லை.
— வாசகர், கோயம்புத்தூர்

நடையை விடாதீர்கள், இதயத்துக்கு நல்லது. ஆனால் கிரிக்கெட்டில் காயம் வருவது நடக்கும்போது அல்ல. நாற்பது நிமிடம் சும்மா நின்றுவிட்டுத் திடீரென்று 20 மீட்டர் பாயும்போது வருகிறது. அந்தப் பாய்ச்சலைத் தாங்குவதற்கான பயிற்சி உங்கள் நடையில் இல்லை. கிரிக்கெட் ஆடி உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்பது இருபது வயதில் நடக்கும். நாற்பதுக்கு மேல், ஆடுவதற்கு முன்பே உடம்பைத் தேற்றிவிட வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாள், 25 நிமிடம் போதும். செவ்வாய், வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெண்டைக்காலுக்கு: மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து ஒற்றைக் காலில் நின்று, இரண்டு விநாடியில் குதிகாலை உயர்த்தி, மூன்று விநாடியில் படிக்குக் கீழே வரை இறக்குங்கள். முழங்காலை நீட்டி ஒரு செட், சற்று மடக்கி ஒரு செட். மடக்கிச் செய்யும்போதுதான் அடியில் இருக்கும் தட்டைச் சதைக்கு வேலை வரும். ஒரே மூச்சில் 25 முடியும்வரை எடை வேண்டாம். அதற்குப் பிறகு முதுகுப் பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பின்தொடைக்கு: டைல்ஸ் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஒரு துண்டு. இடுப்பைத் தூக்கிக்கொண்டு குதிகாலை மெதுவாக வெளியே வழுக்க விடுங்கள், நான்கு எண்ணும் நேரம். இடுப்பு தரையைத் தொட்ட பிறகு காலை மடக்கித் திரும்ப ஆரம்பியுங்கள். எட்டு தடவை, மூன்று செட். முதல் வாரம் செய்த மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். அதற்காகப் பயந்து நிறுத்த வேண்டாம், ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்ய வேண்டாம். கூடவே நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் காலில் எழுவது 8, பக்கவாட்டுப் பிளாங்க் ஒவ்வொரு பக்கமும் 30 விநாடி.

சனிக்கிழமை மைதானத்தில் 40 மீட்டர் ஓட்டம், ஆறு தடவை, நடந்து திரும்புவதுதான் ஓய்வு. முதல் இரண்டு வாரம் முழு வேகத்தில் 60 சதவீதம், அடுத்த இரண்டு வாரம் 75, அதற்கடுத்து 90. ஐந்தாம் வாரத்திலிருந்து பேடு கட்டி, மட்டையோடு, கிரீஸுக்குக் கிரீஸ் ஓடித் திரும்புங்கள். அந்தத் தூரம் 58 அடிதான். ஆனால் குனிந்து மட்டையைத் தேய்த்து, ஒரு காலை ஊன்றித் திரும்பும் அந்த ஒரு நொடியில்தான் தொடையிடுக்குச் சதை இழுத்துக்கொள்கிறது. இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பழகுங்கள்.

சதை ஆறு வாரத்தில் தேறிவிடும். தசைநாண் மெதுவானது, மூன்று மாதம் வரை எடுக்கும். உங்களிடம் இருப்பது இரண்டு மாதம். எனவே இன்றே ஆரம்பியுங்கள்.

கேள்வி: வயது 42, மிதவேகப் பந்து வீச்சாளன். சீசன் தொடங்கி மூன்றாவது வாரம் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. ஸ்பின்னுக்கு மாறிவிடலாமா?
— வாசகர், திருச்சி

மாறுவதற்கு முன் உங்கள் நெட் பயிற்சியைப் பாருங்கள். மேட்சில் நான்கு ஓவர், 24 பந்து, நடுநடுவே ஓய்வு. நெட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றி வீசினால் ஒரு மணி நேரத்தில் 70 பந்து போய்விடும், பெரும்பாலும் சிமென்ட் தளத்தில். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு விசை இறங்குகிறது. உங்களுக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் அதை வாங்குவது முதுகுதான். ஆறு மாதம் சும்மா இருந்த முதுகுக்கு 70 என்பது மிக அதிகம்.

பந்துகளை எண்ணுங்கள். முதல் வாரம் இரண்டு நாள், நாளுக்கு 18 பந்து, முக்கால் வேகம். வாரத்துக்கு ஆறு பந்து வீதம் கூட்டி 42-இல் நில்லுங்கள். இரண்டு நாளுக்கு நடுவே 48 மணி நேர இடைவெளி. சிமென்டில் ஸ்பைக்ஸ் வேண்டாம், ரப்பர் ஸ்டட். ரன் அப்பை எட்டுக் காலடியாகச் சுருக்கலாம், சீம் நேராக நின்றால் விக்கெட் வரத்தான் செய்யும். யாரையாவது பக்கத்தில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பின்கால் ஊன்றும் நொடியில் இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பார்த்தால் கீழ்முதுகு முறுகுகிறது என்று அர்த்தம். ஒரு நல்ல பயிற்சியாளர் இரண்டு அமர்வில் திருத்திவிடுவார். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ வீச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்பின் பிடித்திருந்தால் தாராளமாக மாறுங்கள். பிரவீண் தாம்பே 41 வயதில்தான், 2013-இல், ஐ.பி.எல்.-இல் முதல் ஆட்டம் ஆடினார், லெக் ஸ்பின்னராக. ஆனால் முதுகு மிச்சப்படும் என்பதற்காக மட்டும் மாறினால், பழக்கமில்லாத தோளும் விரலும் வலிக்க ஆரம்பிக்கும். அங்கேயும் 18 பந்தில்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: வயது 50. ஒரு வருடமாகப் பந்து கடைசி நேரத்தில் மறைந்துவிடுகிறது. அனிச்சைத்திறன் போய்விட்டதா?
— வாசகர், மதுரை

கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. ப்ரோக்ரெசிவ் கண்ணாடி என்றால், பழி கையின் மீது அல்ல, அதன் மீதே விழ வேண்டும். அந்தக் கண்ணாடியின் மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி கைக்கெட்டும் தூரத்தில் படிக்க, இரண்டு ஓரங்களிலும் உருவம் கோணலாகும். வலக்கை ஆட்டக்காரர் இடத்தோள் வழியாகப் பார்ப்பதால் கண் அந்த ஓரத்துக்குப் போகிறது. பந்து பிட்ச் ஆகி காலருகே வரும்போது படிக்கும் பகுதிக்குள் விழுந்து மங்குகிறது. வீட்டிலேயே பார்த்துவிடலாம்: சுவர்க் காலண்டரிலிருந்து பத்தடி தள்ளி ஸ்டான்ஸில் நில்லுங்கள். தேதி எண்கள் நெளிந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

ஆட்டத்துக்கென்று தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். பாலிகார்பனேட் லென்ஸ், பின்னால் பட்டை. ஹெல்மெட்டைக் கடைக்கு எடுத்துப்போய், மாட்டிப் பார்த்து ஃபிரேம் வாங்குங்கள். கண்ணாடியே போடாதவர் என்றால் பவர், கண்புரை, சர்க்கரையால் விழித்திரையில் வரும் மாற்றம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 53. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை. காலை 6 மணி மேட்சுக்கு வெறும் வயிற்றில் போகிறேன். சரியா?
— வாசகர், திருநெல்வேலி

சரியில்லை. கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் ஆடினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த அபாயம் குறைவு. கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று அணியில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். மாத்திரை நேரத்தை மாற்றுவதை உங்கள் டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் வகை மாத்திரை என்றால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பிப் பயனில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே உங்கள் அளவுகோல். சிறுநீர் பிரியும் மாத்திரை என்றால் வெயிலில் நீர் வற்றுவது வேகமாக இருக்கும். சீசனுக்கு முன் இ.சி.ஜி.யும், டாக்டர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் எடுத்துவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் ‘வாயு’ என்று சோடா குடித்துக்கொண்டு ஓவரை முடிக்க நினைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மே மாதம் பத்து மணி தாண்டினால் காலில் குரக்களி பிடிக்கிறது. இளநீர் போதுமா?
— வாசகர், வேலூர்

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். உப்புப் போட்ட நீர்மோரோ, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸோ வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடியுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். குரக்களிக்கு உப்பு மட்டும் காரணமல்ல, பழக்கமில்லாத சதை களைத்தாலும் பிடிக்கும். தலைச்சுற்றலோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கேள்வி: வயதாகிவிட்டது என்று என்னை ஸ்லிப்பில் நிறுத்துகிறார்கள். முழங்கால் வலிக்காரனுக்கு அது நல்ல இடம்தானே?
— வாசகர், தஞ்சாவூர்

ஓட்டம் குறைவுதான், குனிவது அதிகம். 20 ஓவரில் 120 தடவை பாதி உட்கார்ந்து எழ வேண்டும். முழங்கால் முன்பக்கம் வலிப்பவருக்கு மிட் ஆன் இதைவிட நல்லது. ஸ்லிப்தான் என்றால், பவுலர் ரன் அப்பைத் தொடங்கும்போது குனியாமல், அவருடைய கடைசி இரண்டு காலடிக்குக் குனியுங்கள். எடை முன்பாதத்தில் இருக்கட்டும், தொடை தரைக்குக் கிடையாகும் அளவு இறங்க வேண்டாம். ஓவர் மாறும்போது நடந்து போகாமல் மெதுவாக ஓடிப் போங்கள், நடுவில் இரண்டு தடவை முழங்காலை இடுப்புவரை தூக்குங்கள். எட்ஜ் எடுத்த பந்து தேர்ட் மேன் பக்கம் போய்விட்டால் துரத்த வேண்டியது நீங்கள்தான், அப்போது கால் சூடாக இருக்க வேண்டும்.