மேல்நிலை உயிரியலை நடைமுறை வாழ்க்கையோடு இணைத்து நடத்த, பாடத்தின் நடுவே உதாரணம் சொன்னால் போதுமா?

போதாது. பாடத்தை முடித்துவிட்டு "இது காலராவிலும் நடக்கிறது" என்று சொன்னால், மாணவருக்கு மனப்பாடம் செய்ய ஒரு வரி கூடுகிறது, அவ்வளவுதான். நிகழ்வு முதலில் வரவேண்டும். அதுவும், பாடக்கருத்து தெரியாமல் விடை சொல்லவே முடியாத கேள்வியாக வரவேண்டும். செல் சவ்வுக் கடத்தலை, அதாவது நீரும் மற்ற பொருள்களும் செல் சவ்வைக் கடந்து போவதை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கவைத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. இதைச் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: வெறும் உப்பு நீர் ஏன் போதவில்லை, குளுக்கோஸ் எதற்கு? ஒவ்வொருவரும் விடையைத் தாளில் எழுதட்டும். பெரும்பாலோர் "சக்திக்காக" என்றுதான் எழுதுவார்கள். உடனே திருத்த வேண்டாம், தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறான விடைதான் அடுத்த மூன்று வகுப்புகளையும் நகர்த்தும்.

அடுத்த வகுப்பில் உருளைக்கிழங்குச் சோதனை. சுக்ரோஸ் கரைசல் 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் என ஆறு செறிவுகள், ஒவ்வொன்றிலும் 50 மி.லி. தோல் துளியும் இல்லாமல், ஒரே கிழங்கிலிருந்து 4 செ.மீ. நீளத் துண்டுகள், செறிவுக்கு மூன்று. ஒரு மணி நேரமாவது ஊறவேண்டும், ஊறும் முன்னும் பின்னும் எடை போடவேண்டும். இரண்டு இடங்களில் இது கெடும். முதலாவது கரைசல் தயாரிப்பு: 1 மோலாருக்கு 34.2 கிராம் சுக்ரோஸைக் கொஞ்சம் நீரில் கரைத்து, பிறகு 100 மி.லி. வரை நீர் சேர்க்கவேண்டும். 100 மி.லி. நீரில் அப்படியே கொட்டினால் கன அளவு 121 மி.லி.யை நெருங்கும், செறிவு 0.82 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டாவது, துண்டுகளை ஒற்றியெடுப்பது. ஒருவர் அழுத்தித் துடைத்து, இன்னொருவர் ஈரத்தோடு எடை போட்டால் வரைபடம் தாறுமாறாகும். எல்லாத் துண்டுகளையும் ஒருவரே, ஒரே மாதிரி ஒற்றவேண்டும். தொடக்க எடைகள் வேறுபடும் என்பதால், மாற்றத்தைக் கிராமில் அல்லாமல் விழுக்காட்டில்தான் குறிக்கவேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தச் சோதனை, நீர் எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டுமே காட்டும், குளுக்கோஸின் வேலையைக் காட்டாது. சொல்லாமல் விட்டால் உருளைக்கிழங்கையே குடலாக நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் வகுப்பில் விடை. காலரா நச்சு, குடல் செல்லில் சுழல் ஏ.எம்.பி. என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறின் அளவை ஏற்றுகிறது. அதனால் சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு வாயில் திறந்தே கிடக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்னாலேயே போகின்றன. உப்பை உறிஞ்சும் வழக்கமான பாதையும் தடைபடுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற இணைக்கடத்தி பாதிக்கப்படுவதில்லை. அது ஒரு குளுக்கோஸுடன் இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்து உள்ளே எடுக்கும், நீரும் தொடரும். குளுக்கோஸ் சோடியத்துக்கு வழித்துணை. இப்போது பழைய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அவரவர் விடையை அவரவரே திருத்தச் சொல்லுங்கள்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது, ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில். இணைக்கடத்தி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை நேரடியாகச் செலவழிப்பதில்லை. செல்லின் மறுபக்கத்திலுள்ள சோடியம் பொட்டாசியம் பம்ப் ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சோடியத்தை வெளியேற்றுவதால் உண்டாகும் செறிவு வேறுபாடுதான் அதை இயக்குகிறது. பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று வரைந்து காட்டச் சொல்லுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக, நான்காம் வகுப்பில் கணக்கு. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில், ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9. கிராமை மோலாக மாற்றினால் சோடியமும் குளுக்கோஸும் 75 மில்லிமோல் என்று சமமாக வரும். சிட்ரேட்டில் மூன்று சோடியம் இருப்பதை மறந்தவர்களுக்கு 45தான் வரும். துகள்களின் கூட்டுத்தொகை 245. பழைய கலவையில் 311. சர்க்கரையை அள்ளிப் போட்டால் வயிற்றுப்போக்கு ஏன் கூடும் என்பதை உருளைக்கிழங்கு வரைபடத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆய்வகத்தில் கலந்ததை யாரும் குடிக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதே நிகழ்வை மரபியலிலும் திரும்ப எடுக்கலாம். காலராவில் திறந்தே கிடக்கும் அதே குளோரைடு வாயில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயில் வேலை செய்வதில்லை. 7ஆம் குரோமோசோமில் மூன்று டி.என்.ஏ. காரங்கள் விடுபட்டு, புரதத்தின் 508ஆம் இடத்து ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இல்லாமல் போவதுதான் மிகுதியாகக் காணப்படும் காரணம். புதுப் பத்துக் கதைகளைவிட, தெரிந்த கதைக்கு இப்படி மறுபடி வருவது பல மடங்கு பயன் தரும். ஆனால் மரபு நோய்களை எடுக்கும்போது "உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கற்பனைக் குடும்ப வரைபடம் ஒன்று போதும்.

தேர்வில் காலரா வராது. வேர்த்தூவியோ சிறுநீரக நுண்குழலோ வரும். நான்காம் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், காலரா என்ற சொல்லே இல்லாமல், சிறுநீரக நுண்குழல் குளுக்கோஸை மீட்பது பற்றி ஒரு கேள்வி கொடுங்கள். தடுமாறினால், குடல் செல் படத்தில் பெயர்களை அழித்துவிட்டு அதையே நுண்குழல் செல்லாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்.