ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ, வாட்டர்லூ போரில் நெப்போலியன் பிரிட்டனிடம் தோற்ற செய்தியை முன்கூட்டியே அறிந்துதான் பணக்காரர் ஆனாரா? பங்குச் சந்தைக்காரர் எம்.பி. ஆனது எப்படி?

தேதிகளை வரிசையாக வைத்தாலே அந்தக் கதை நிற்காது. 1815 ஜூன் 14 அன்றே 3.6 கோடி பவுண்டு அரசுக் கடனை ஏலம் எடுத்த குழுக்களில் ரிக்கார்டோவும் இருந்தார். போர் நடந்தது 18-ம் தேதி.

கறாராகச் சொன்னால் அவர் தரகர்கூட இல்லை, ஜாபர்: சொந்தக் கணக்கில் வாங்கி விற்பவர். 14 வயதில் தந்தையிடம் தொழில் பழகினார். 1793-ல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்ணை மணந்ததால் யூதக் குடும்பம் ஒதுக்கிவிட, தனியாகத் தொழில் தொடங்கினார்.

பெரும் பணம் வந்தது கடன் ஒப்பந்தத்தில். 100 பவுண்டு ரொக்கத்துக்கு எவ்வளவு முகமதிப்புள்ள பத்திரம் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் எழுதித் தரும்; குறைவாகக் கேட்டவருக்கே கடன். பணத்தைத் தவணையில் கட்டலாம். முதல் தவணை கட்டியதுமே ஒதுக்கீட்டைச் சந்தையில் விற்கலாம். விலை ஏறினால் சின்ன முதலுக்குப் பெரிய லாபம். இறங்கினால் மீதித் தவணையெல்லாம் தலையில் விழும். நண்பரும் பொருளியல் அறிஞருமான மால்தஸுக்காக 5,000 பவுண்டு பங்கு ஒதுக்கியிருந்தார் ரிக்கார்டோ. மால்தஸ் பயந்துபோய், போருக்கு முன்பே சொற்ப லாபத்துக்கு விற்கச் சொல்லிவிட்டார். ரிக்கார்டோ தன் பங்கை விற்கவில்லை; வெற்றிச் செய்தி வந்ததும் விலை ஏறியது. முன்செய்தி அல்ல, நெஞ்சழுத்தம்தான்.

எம்.பி. பதவி? விலைக்கு வாங்கியதுதான். அயர்லாந்தின் போர்டார்லிங்டனில் வாக்காளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தொகுதி ஒரு பிரபுவின் கைக்குள். இடத்துக்கு 4,000 பவுண்டு, கூடவே பிரபுவுக்கு 25,000 பவுண்டு கடன். 1819-ல் உள்ளே போனார். அந்த ஊரை எட்டிப் பார்த்ததே இல்லை. அப்படி வந்தவர் அவையில் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று வாதாடினார் என்பதுதான் வேடிக்கை.

அவர் யோசனையில் சட்டமான ஒன்று, நோட்டுக்குப் பதில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தங்க நாணயம் தராமல் 60 அவுன்ஸ் தங்கக் கட்டி தருவது. நாணயம் அச்சடிக்கும் செலவும் புழக்கத்துக்கான தங்கமும் மிச்சம் என்பது கணக்கு. 1820 பிப்ரவரியில் தொடங்கியது. ஆனால் ஒரு கட்டியின் விலை 230 பவுண்டுக்கு மேல்; சாமானியனுக்கு அதனால் என்ன பயன்? வாங்க வந்தவர்கள் மிகச் சிலர். ஒரு பவுண்டு கள்ள நோட்டுத் தொல்லைக்கும் நாணயம்தான் மருந்து என்று ஆனது. 1821 மே மாதமே நாணயம் திரும்பிவிட்டது. இரண்டே ஆண்டில், 51 வயதில், காதில் வந்த தொற்று மூளைக்கு ஏறி ரிக்கார்டோ இறந்தார்.