சர்க்கரை வெட்டும் நொதி இல்லாத புழு நன்றாகத்தானே வாழ்கிறது, பிறகு அந்த நொதி எதற்கு?

ஒரு நொதியை நீக்கினால் அது கையாளும் சர்க்கரை மட்டும்தான் மாறும் என்று ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்தேன். ஆனால் செல்லுக்குள் ஒரு நொதி செய்துவைத்த வேலையின் மேல்தான் அடுத்த நொதி கைவைக்கிறது. ஒன்று போனால் வரிசையே குழம்பிவிடும்.

ஆய்வகங்களில் வளர்க்கும் எலிகன்ஸ் உருளைப்புழுவையே எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். செல்லுக்கு வெளியே போகவேண்டிய புரதங்களில், ஆஸ்பரஜீன் அமினோ அமிலத்தின் மேல் 14 சர்க்கரைகள் கொண்ட கொத்து ஒன்று மொத்தமாக ஏற்றப்படும்: 3 குளுக்கோஸ், 9 மேனோஸ், 2 என்-அசிட்டைல்குளுக்கோசமீன். அதன்பின் வெட்டு ஆரம்பம். குளுக்கோஸ் மூன்றும் போய், மேனோஸ் ஐந்தாகக் குறைந்ததும், புரதங்களைச் செப்பனிட்டு அனுப்பும் கால்ஜி உறுப்பில் ஜி.என்.டி-1 என்ற நொதி புதிதாக ஒரு என்-அசிட்டைல்குளுக்கோசமீனை நுனியில் ஒட்டுகிறது.

இந்த ஒற்றைச் சர்க்கரைதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அது ஒட்டியிருந்தால்தான் மேனோசிடேஸ்-2 என்ற வெட்டும் நொதி இன்னும் இரண்டு மேனோஸை வெட்டும். ஃபட்-8 நொதி கொத்தின் அடிப்பகுதியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையைச் சேர்ப்பதற்கும் அது வேண்டும். ஆனால் ஃபட்-1 என்ற இன்னொரு ஃப்யூகோஸ் நொதிக்கோ அது இருக்கக் கூடாது! ஹெக்ஸோசமினிடேஸ் என்ற நொதி வந்து அதைக் கழற்றிய பிறகே ஃபட்-1 வேலை செய்யும். இத்தனையும் முடிந்தபின் மிஞ்சுவது மூன்று நான்கு மேனோஸ் மட்டுமே உள்ள குட்டைக் கொத்துகள். புழுவில் இவை ஏராளம்.

இப்போது மேனோசிடேஸ்-2 இல்லாத புழுவைப் பாருங்கள். வெட்டப்படாத இரண்டு மேனோஸ் கூடுதலாக இருக்கும், மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைமானியில் பழைய சிகரங்கள் 324 டால்டன் தள்ளித் தெரியும், அவ்வளவுதான் என்று தோன்றும். 2006-இல் வெளியான ஆய்வில் கண்டது வேறு. குட்டைக் கொத்துகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. பாதி வெட்டிய கலப்புக் கொத்துகள் குவிந்தன. கூடவே, சாதாரணப் புழுவில் காணவே காணாத கொத்துகளும் தோன்றின. மீதியிருந்த நொதிகள் கைக்குக் கிடைத்த புது வடிவத்தின் மேல் வேலை செய்ததன் விளைவு அது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேனோசிடேஸ்-2 வெட்டுவதற்கே வழிவிடும் ஜி.என்.டி-1-இன் மரபணு எலிக்கு ஒன்றுதான். அதை நீக்கினால் கரு பத்தாம் நாள் வாக்கில் இறந்துவிடும். புழுவுக்கு அது மூன்று. மூன்றையும் நீக்கினாலும் ஆய்வகத் தட்டில் புழு இயல்பாகவே வளர்கிறது. ஆனால் தட்டில் இருப்பது அகார், அதன் மேல் தீங்கு செய்யாத ஈ.கோலி பாக்டீரியா, வேறொன்றும் இல்லை. புழுவின் நிஜ உலகம் அழுகும் பழமும் இலைக் குப்பையும். அங்கே பூஞ்சைகள் இருக்கின்றன, கொத்தில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பது அங்கேதான் முக்கியமாகிறது.

கோப்ரினாப்சிஸ் சினிரியா என்ற காளான் சி.ஜி.எல்-2 என்ற லெக்டினை, அதாவது சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் புரதத்தைத் தயாரிக்கிறது. ஃபட்-8 ஒட்டிய ஃப்யூகோஸின் மேல் கேலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை ஏறியிருந்தால் அந்த லெக்டின் அதைப் பற்றிக்கொள்ளும். தின்ற புழு நலிந்துபோகும். ஃபட்-8 இல்லாத புழுவையோ, கேலக்டோஸைச் சேர்க்கும் கால்ட்-1 நொதி இல்லாத புழுவையோ அது ஒன்றும் செய்வதில்லை. அதே லெக்டின், ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் இளம் பருவத்தையும் தாக்குகிறது, ஏனென்றால் அந்தப் புழுவும் அதே ஃப்யூகோஸ், கேலக்டோஸ் ஜோடியைச் சுமக்கிறது.