மாலை மையங்களில் தொண்டாற்ற விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், கூலி வேலைக்கும் சமையல் வேலைக்கும் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தெரு அளவில் பாடம் சொல்லித்தரும் மாலை மையங்களை நடத்தும் சிறு அமைப்புகள் உள்ளன. அவற்றில் சேர விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, இப்பணியில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

கேள்வி (முதுகலை மாணவி, காரைக்குடி): வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எனக்கு ஆசிரியர் பயிற்சி இல்லை. அது குறையாகுமா?

பதில்: வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் அது எப்போதும் ஒரே கிழமையாக இருக்க வேண்டும். இப்பிள்ளைகளின் வீடுகளில் பெரியவர்கள் வேலை கிடைக்கும் ஊருக்கேற்பப் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். ஆகவே, புதன்கிழமை வருவதாகச் சொன்ன அக்கா புதன்கிழமை தவறாமல் வந்து அமர்ந்திருப்பது, நீங்கள் கற்றுத்தரும் எந்தப் பாடத்தையும் விடப் பெரிது. உங்கள் தேர்வுக் காலத்தில் வர இயலாதெனில், அதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமே உள்ளூர்த் தன்னார்வலர்களை நம்பித்தான் தொடங்கப்பட்டது. ஏழாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பையனுக்கு, அவன் படிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் ஒருவர் தேவை. வகுத்தலில் தடுமாறும் பெண்ணுக்கு, நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து மீண்டும் தொடங்கினாலும் யாரும் கேலி செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கை தேவை.

கேள்வி (இல்லத்தரசி, தேவகோட்டை): எங்கள் பூர்வீக வீடு ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. மையம் நடத்த அதைக் கொடுக்கலாமா?

பதில்: ஆச்சி, உங்கள் எண்ணம் மிகவும் நல்லது. நம் வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை என்பதால், முதலில் வெளிநாட்டில் இருப்போர் உட்பட அனைவரிடமும் எழுத்து மூலம் இசைவு பெறுங்கள். வாய்மொழிச் சம்மதத்தை நம்பித் தொடங்கிவிட்டு, ஒரு கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ வீடு திறக்கப்படும்போது பிள்ளைகளை வெளியேற்ற நேர்ந்தால் அது அவர்களைப் பெரிதும் புண்படுத்தும்.

அடுத்து, வகுப்பைத் திண்ணையிலோ முகப்பிலோ மட்டும் நடத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வளவும் (நடுமுற்றப் பகுதி) இரண்டாம் கட்டும் எவ்வளவு விசாலமாக இருந்தாலும், தெருவிலிருந்து பார்வைக்கு எட்டாத இடத்தில் பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது. இந்த விதி பிள்ளைகளைக் காப்பதோடு, தொண்டாற்ற வருபவரையும் வீண்பழியிலிருந்து காக்கிறது. உள்கட்டுக்குச் செல்லும் கதவைப் பூட்டி, கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு, பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை ஒன்றை ஒதுக்கிவிட்டால் இடம் தயார்.

கேள்வி (தன்னார்வலர், கோட்டையூர்): பெரிய பையன்கள் முகூர்த்த நாட்களில் பந்தியில் பரிமாறப் போய்விடுகிறார்கள். மறுநாளும் தூக்கக் கலக்கத்தால் வருவதில்லை. கண்டிக்கலாமா?

பதில்: கண்டிப்பதால் பயன் இல்லை. அந்தக் கூலியை எதிர்பார்த்திருக்கும் வீட்டிலிருந்து அவன் வருகிறான். 14 வயது நிறையாதவரைப் பிறரிடம் வேலைக்கு அனுப்புவதைச் சட்டம் தடை செய்கிறது என்பதைப் பெற்றோரிடமும் சமையல் கான்ட்ராக்டரிடமும் தெளிவாகவும் பணிவாகவும் சொல்லுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த வயதைக் கடந்த பையன்களைப் பொறுத்தவரை, பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பாடத்திட்டத்தை வகுத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லாததால் வருகை நிறைவாக இருக்கும். கடினமான பாடங்களை அம்மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் பங்குனி வரை முகூர்த்தங்களும், காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவும், பொதுத்தேர்வும் அடுத்தடுத்து வருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத வீடொன்றில் படிக்க அப்போதே ஏற்பாடு செய்வது நல்லது.

பையன் தன் தம்பியையோ தங்கையையோ அழைத்து வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையதாக இருக்கலாம். திருப்பி அனுப்பினால் இருவருமே வரமாட்டார்கள்.

கேள்வி (வங்கி ஊழியர், பள்ளத்தூர்): மையத்துக்கு வரும் சிறுமி ஒருத்தி, உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதாகச் சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அமைதியாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற இயலாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். துருவித் துருவி விசாரிப்பது உங்கள் வேலை அன்று. அவள் சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, தேதியுடன் எழுதி வையுங்கள். குடும்ப மானம், ஊர்ப்பேச்சு என்று சொல்லிச் சமாதானப்படுத்த வருவோர் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் எவ்வளவு மதிப்புக்குரியவர்களாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கானாடுகாத்தானைச் சேர்ந்தவர், சிங்கப்பூர்): அமைப்புக்கு நான் நேரடியாகப் பணம் அனுப்பலாமா?

பதில்: அது உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது. நீங்கள் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டால், நீங்கள் நம்மூர்க்காரர்தான் என்றாலும் உங்கள் பணம் அயல்நாட்டு நன்கொடையே. அதைப் பெற, அமைப்பு 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். தெருவளவில் இயங்கும் மிகச் சிறிய அமைப்புகளுக்கு அது எளிதன்று. ஊருக்கு வரும்போது மையத்தில் சில மாலைகள் அமர்ந்து, வெளிநாட்டுப் பணிகளுக்கு உண்மையில் என்ன படிப்பு தேவை என்று பெரிய பிள்ளைகளிடம் பேசுங்கள். முகவர்களின் பேச்சை மட்டுமே கேட்டு வளரும் அவர்களுக்கு அது பேருதவி.

கேள்வி (கல்லூரி மாணவர், காரைக்குடி): பிள்ளைகளுடன் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் பகிரலாமா?

பதில்: வேண்டாம். உதவி பெறுபவர் என்ற அடையாளத்தோடு தன் முகம் ஊரெங்கும் சுற்றுவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது.

கேள்வி (தன்னார்வலர், புதுவயல்): பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தேர்ச்சி பெறாத பையனை அரிசி ஆலை வேலைக்கு அனுப்ப வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இனி என்ன செய்ய முடியும்?

பதில்: தேர்வு முடிவு வந்த அந்த வாரமே அவன் வீட்டுக்குச் செல்லுங்கள், ஏனெனில் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கால அவகாசம் மிகக் குறைவு. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பதும், தேறினால் அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம் என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. படிப்பில் அவனுக்கு மனம் ஒட்டவில்லையெனில், அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) இருக்கிறது. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கு அவன் தகுதி பெறுவானா என்பதைச் சேரும் நிலையத்திலேயே கேளுங்கள். இவற்றையெல்லாம் தந்தையிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாமல், தாயும் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் வேளையில் சென்று, பையனையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். விண்ணப்பிக்கும் நாளில் நீங்களே அவனுடன் பள்ளிக்குச் செல்லுங்கள்.