ஸ்டெம் செல் நிறுவனப் பங்கில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: பணி ஓய்வில் கிடைத்த தொகையில் பாதியை, ஸ்டெம் செல் மூலம் விழித்திரையைப் புதுப்பிக்க ஆய்வு நடத்தும் ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட நினைக்கிறேன். என் தாயாருக்கு விழித்திரைச் சிதைவால் பார்வை மங்கி வருகிறது. இந்தத் துறை வெல்லும் என்று உறுதியாக நம்புகிறேன். போடலாமா?

பதில்: வேண்டாம். துறையின் மீது நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை பிழையானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதிர்ந்த செல்லை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்கு, அதாவது பல வகைச் செல்களாக வளரக்கூடிய நிலைக்கு, திருப்பலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் செல்களில் காட்டினார். 2014இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் தோல் செல்லிலிருந்தே வளர்த்தெடுத்த விழித்திரைப் படலம் அவர் கண்ணில் பொருத்தப்பட்டது. ஆயினும் அடுத்த நோயாளிக்கெனத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால், மறு ஆண்டே அந்தச் சோதனை நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆய்வாளர்கள் இத்தகைய தாமதத்தைத் தாங்குவார்கள். ஓய்வூதியப் பணம் தாங்காது. கருவிலிருந்து பெறும் ஸ்டெம் செல்களைக் கொண்டு தண்டுவடக் காயத்துக்குச் சிகிச்சை காண முயன்ற ஜெரான் என்ற அமெரிக்க நிறுவனம், 2010இல் முதல் நோயாளிக்குச் செல்களைச் செலுத்திவிட்டு, அடுத்த ஆண்டே நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அந்தத் திட்டத்தைக் கைவிட்டுப் புற்றுநோய் மருந்துகளின் பக்கம் திரும்பியது. கைவிடப்பட்ட ஆய்வு பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறித் தொடர்ந்தது. அறிவியல் பிழைத்துக்கொண்டது என்றாலும், அந்தச் சிகிச்சையை நம்பி ஜெரான் பங்கை வாங்கியவர் நம்பியது அந்த நிறுவனத்திடம் இல்லாமல் போயிற்று. விற்க மருந்து இல்லாத நிறுவனம் செலவுக்காகப் புதிய பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும், அப்போதெல்லாம் உங்கள் பங்கின் விகிதம் சுருங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முதலில் தாயாரின் மருத்துவத்துக்கும் ஐந்தாண்டுக் குடும்பச் செலவுக்கும் வேண்டிய பணத்தை வைப்புநிதியில் ஒதுக்குங்கள். அதன்பின்னும் ஆர்வம் இருந்தால், முழுவதும் போனாலும் உறக்கம் கெடாத ஒரு சிறு பகுதியை, தனி நிறுவனத்தில் அல்லாமல், பல மருத்துவ நிறுவனங்களில் பரவியிருக்கும் பரஸ்பர நிதியில் போடலாம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் இது பணத்தைவிடப் பெரியது. கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைக் காசு கொடுத்துக் கண்ணில் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வெளியானது. முறையான மருத்துவச் சோதனைகள் பொதுவாகச் சோதனைச் சிகிச்சைக்குப் பங்கேற்பாளரிடம் கட்டணம் கேட்பதில்லை. தாயாரின் கண்ணுக்கு யாரேனும் முன்பணம் கேட்டால், அவர் கண் மருத்துவரிடம் கலந்து பேசாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.